மாமா தரும் 3 லட்சத்துக்குக் கமரா வாங்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. வீடு விசுவமடுவில். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தேன்; தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடம். சித்தியடைந்தும் இசட் புள்ளி காணாததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது கிளிநொச்சியில் ஒரு கொமினிகேசனில் வேலை. தமிழ் டைப்பிங், அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், போட்டோ பிரிண்ட் எல்லாம் செய்வேன். போனில் வீடியோவும் எடிட் பண்ணுவேன். கனடாவில் இருக்கும் மாமா கமரா வாங்க 3 லட்சம் ரூபாய் தருகிறேன் என்கிறார். சனல் தொடங்கி, கஷ்டப்பட்ட குடும்பங்களைப் போய்ப் பார்த்து உதவி வீடியோ போட்டால் கெதியாக வளரலாம் என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் டிஜிட்டல் மீடியா டிப்ளோமாவும் விசாரித்தேன். கட்டணம் அந்தக் காசு முழுவதையும் விழுங்கிவிடும். அம்மா அரச வேலைக்குப் பார் என்கிறா. பொம்பிளைப்பிள்ளை கமராவோடு திரிந்தால் ஊர் கதைக்கும் என்ற பயமும் அவவுக்கு. ஊரை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இந்தத் துறையில் எனக்கு என்ன வழி?

பதில்:

அன்புத் தங்கச்சி,

கமராவை இப்போதைக்கு வாங்க வேண்டாம். மாமா மனமுவந்து தருகிற காசை மறுக்கவும் வேண்டாம்; அதை எதில் போடுவது என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக எண்ணாமல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விடயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். தமிழ் டைப்பிங், அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி. ஒரு பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் செத்தவீட்டுக்காரர் கடை வாசலில் வந்து நிற்பார்கள் என்ற பயத்தோடு தினமும் தமிழ் அடிக்கிற ஒருவருக்கு, இந்தத் துறையில் வேலை இருக்கிறது. கடை வேலையை இப்போது விடாதீர்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் டிஜிட்டல் ஊடகம் என்பது கமராவுக்கு முன்னால் நின்று கதைக்கும் ஆள்தான். உள்ளே இருக்கும் வேலைகள் வேறு. எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டுபவர், ஒலியைத் துப்புரவாக்குபவர், சப்டைட்டில் போடுபவர், முகப்புப் படம் செய்பவர், ஒரு கடையின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர், செய்தித் தளத்தில் தலைப்பும் படவிளக்கமும் எழுதுபவர். மாதாமாதம் காசு வருவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் தமிழர் நடத்தும் வானொலிகளும் சனல்களும் இருக்கின்றன. அவர்களுக்கு அங்கே ஆள் வைத்து எடிட் பண்ணுவது கட்டாது. கொழும்பில் விளம்பர நிறுவனங்கள் சிங்களத்தில் செய்த போஸ்டைத் தமிழில் போடும்போது எவ்வளவு பிழை விடுகிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த வேலைக்கெல்லாம் ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. நல்ல இணைப்பும், சொன்ன நேரத்துக்குக் கொடுக்கிற பழக்கமும் போதும்.

நான் வீடியோ எடிட்டராகத் தொடங்கி, இப்போது மற்றவர்களின் வேலையைப் பார்த்துத் திருத்தும் இடத்தில் இருக்கிறேன். வேலை கேட்டு வருகிற பிள்ளைகளில் வெட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். தமிழை ஒழுங்காகத் திரையில் போடத் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நீங்கள் கடையில் பாமினி எழுத்துருவில் அடிப்பவராகத்தான் இருப்பீர்கள். எங்கள் பக்கத்துக் கடைகளும் அச்சகங்களும் இன்னமும் அதில்தான் ஓடுகின்றன. பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். இணையத்தில் தேடினாலும் அகப்படாது. ஆகவே முதல் வேலையாக, எந்தக் கணினியிலும் போனிலும் ஒழுங்காகத் தெரியும் யூனிகோடில் அதே வேகத்துக்கு வாருங்கள். பாமினியைக் கைவிடச் சொல்லவில்லை. பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்திக் கொடுப்பதே தனி வேலை. பழைய மலர்களும் சஞ்சிகைகளும் வைத்திருக்கும் பாடசாலைகள், கோயில்கள் எத்தனை இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், வீடியோ எடிட் பண்ணும் பிரீமியரிலோ படம் திருத்தும் போட்டோஷொப்பிலோ யூனிகோடில் ‘கிளிநொச்சி’ என்று ஒட்டிப் பாருங்கள். சரியாக அமைக்காத கணினியில் ‘நொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதைக் கண்டதும் பலர் மென்பொருளுக்குத் தமிழ் வராது என்று விட்டுவிடுகிறார்கள். பிரீமியரில் பிரிஃபரன்சஸ் போய், கிராஃபிக்ஸ் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தெரிவு செய்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளிலும் எழுத்துக்கான அமைப்பில் இதே மாதிரி ஒரு தெரிவு உண்டு. இந்தச் சின்ன விடயம் தெரியாமல் பிழையான தமிழோடு வெளியே போன விளம்பரங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சப்டைட்டிலையும் இதே கண்ணோடு பாருங்கள். ஒரு வயலில் நின்று ஐயா ஒருவர் சொல்கிறார்: “உழுந்து விதைச்சனாங்கள், மழை வந்து எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போட்டுது.” தானாக எழுத்தாக்கும் கருவிகள் இந்தப் பேச்சில் தடுமாறும், ‘விதைச்சனாங்கள்’ என்பதை இரண்டு துண்டாக்கி வேறு எதையோ எழுதிவைக்கும். வன்னிப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்த நீங்கள் அதை ஒரே தடவையில் பிடிப்பீர்கள். பிறகு வரியை எங்கே முறிப்பது என்ற கேள்வி வரும். ‘எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு’ என்று ஒரு திரையிலும் ‘போட்டுது’ என்று அடுத்த திரையிலும் விட்டால் வாசிப்பவர் தடக்குப்படுவார். ‘உழுந்து விதைச்சனாங்கள்’ முதலாவது, ‘மழை வந்து எல்லாத்தையும்’ மேல் வரியாகவும் ‘அள்ளிக்கொண்டு போட்டுது’ கீழ் வரியாகவும் இரண்டாவது. அவருடைய பேச்சை ‘விதைத்தோம்’ என்று திருத்தி எழுத வேண்டாம். அது அவர் சொன்னது. ஆங்கிலச் சப்டைட்டிலும் போடப் பழகினீர்கள் என்றால் கூலி இன்னும் கூடும். அதற்குக் கொஞ்சம் ஆங்கிலம் மினக்கெட்டுப் படிக்க வேண்டிவரும், தப்ப வழியில்லை.

சரி, சனலுக்கு வருகிறேன். யூடியூப்பில் விளம்பரக் காசில் பங்கு வர, 1,000 சந்தாதாரரும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸ் வீடியோக்களுக்கு 1 கோடிப் பார்வை. ஒருவர் உங்கள் வீடியோவைச் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால், 4,000 மணித்தியாலத்துக்கு 60,000 தடவை பார்க்கப்பட வேண்டும். அது வாசற்படி மட்டும்தான். உள்ளே போன பிறகு நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் உங்களுக்கு, ஷோர்ட்ஸில் 45 வீதம். 10 டொலர் சேர்ந்ததும் வீட்டு முகவரியை உறுதிப்படுத்த ஓர் இலக்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள், ஆகவே தபால்காரருக்குத் தெரிந்த முகவரியைக் கொடுங்கள். 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். பார்ப்பவர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்தால் விளம்பரத்தின் பெறுமதி கூட, இங்கேயே இருந்தால் குறைவு. வெளிநாட்டில் இருப்பவர்களின் மனதைத் தொட வேண்டும் என்று எல்லாரும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஓட்டத்தில்தான் உதவி வீடியோ வருகிறது.

தங்கச்சி, அதைச் செய்யாதீர்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். ஓலைக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு தாயை நிறுத்தி, புருசன் எங்கே, எப்படி இறந்தார், இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேட்டு, அவர் அழும்வரை கமராவை வைத்திருந்துவிட்டு அரிசிப் பையைக் கொடுக்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எடுக்கலாமா என்று கேட்டோம், ஓம் என்றார் என்பார்கள். கையில் அரிசிப் பையோடு நிற்பவரிடம் யார் இல்லை என்று சொல்வார்? பக்கத்தில் நிற்கும் பிள்ளை பாடசாலைச் சீருடையோடு இருக்கும். அதிலிருந்து பாடசாலை தெரியும், ஊர் தெரியும். அந்தப் பிள்ளை நாளைக்கு உயர்தரம் படிக்கும்போதும், கலியாணம் பேசும்போதும், வேலைக்கு நேர்முகத்துக்குப் போகும்போதும் அந்த வீடியோ இருக்கும். உதவியவர் அழிக்க நினைத்தாலும் வேறு பத்துப் பேர் அதை எடுத்துப் போட்டிருப்பார்கள். 2009இல் இந்த மக்கள் பட்டதை உலகம் படமாகப் பார்த்தது. அதற்குப் பிறகும் முகாமில், மீள்குடியேற்றத்தில், ஒவ்வொரு உதவித் திட்டத்திலும் படிவம் நிரப்பிப் படம் எடுத்துக் களைத்தவர்கள் அவர்கள். உங்களுடைய முதல் உழைப்பு அவர்களின் கண்ணீரில் தொடங்கக் கூடாது.

உதவ மனமிருந்தால் உதவுங்கள். மாமாவின் நண்பர்களிடம் சேர்த்துக் கொடுங்கள், பற்றுச்சீட்டை மட்டும் அவர்களுக்கு அனுப்புங்கள்.

அப்படியானால் எதை எடுப்பது? உங்களைச் சுற்றி இருப்பதை வேலையாகப் பாருங்கள். காலபோக அறுவடையில் வெட்டு மெசின் ஏக்கருக்கு என்ன கேட்கிறது, ஈர நெல்லுக்கு வியாபாரி என்ன விலை வைக்கிறார், காயவிட இடமில்லாமல் வீதியில் பரப்புவது ஏன் என்று ஐந்து நிமிடத்துக்கு எடுத்தால், விவசாயி ஒவ்வொருவரும் பார்ப்பார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வருடாவருடம் ட்ரோன் காட்சி போடுகிறார்கள். உப்புநீரில் விளக்கெரிக்கும் அந்த வழக்கத்துக்குப் பின்னால் முள்ளியவளையில் நாள்கணக்கில் நடக்கும் ஆயத்தத்தை ஆற அமர எடுத்தவர்கள் குறைவு. ஒட்டுசுட்டான் பக்கம் யானை வந்துபோன தோட்டத்துக்காரர், நந்திக்கடலில் இறால் படும் காலம் பார்த்துக் காத்திருப்பவர். இவர்களெல்லாம் தங்கள் தொழிலைப் பற்றிக் கேட்டால் நிமிர்ந்து நின்று கதைப்பார்கள்.

மாரி காலத்தில் ஒரு விடயம் கவனம். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியில் வெள்ளம் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு மழைக்கும் பழைய வெள்ளக் காட்சிகள் வட்ஸ்அப்பில் புதிதுபோல் சுற்றும், பார்த்தவர்கள் சாமான் சக்கட்டைத் தூக்கத் தொடங்குவார்கள். திகதி தெரியாத காட்சியைப் பகிராதீர்கள். கிராம அலுவலரிடமோ நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ கேட்டுவிட்டுப் போடுங்கள். பத்து நிமிடம் பிந்தினால் பார்வை குறையும்தான், பரவாயில்லை.

செய்தித்துறையில் ஆசை இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் படித்துவையுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. உங்கள் வீதி திருத்த எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று பிரதேச சபையிடம் எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவார்களா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். ஆனால் பிரதேசச் செய்தியாளருக்குப் பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு, அதில் மட்டும் ஒரு வீடு ஓடாது. வடக்கில் காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டம் போன்ற செய்திகளைச் செய்பவர்களுக்கு விசாரணை என்ற தலையிடியும் வரும். 2024இல், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. தனியே இறங்காமல், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவருக்குக் கீழ் இறங்குங்கள். கொழும்பில் இருக்கும் இலங்கை இதழியல் கல்லூரியில் தமிழ் மொழியிலும் டிப்ளோமா உண்டு. செய்தித்துறைதான் என்று முடிவெடுத்தால் ஒரு வருடம் ஊரை விட்டுப் போவதற்கு அது தகும்.

நீங்கள் விசாரித்த தனியார் டிப்ளோமாவுக்கு வருகிறேன். சேர்வதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: இதற்கு என்விகியூ (தேசியத் தொழில் தகைமை) மட்டம் உண்டா? படித்து வெளியேறியவர்கள் செய்த வேலையைக் காட்டுங்கள், படிப்பிப்பவர் இப்போது எங்கே வேலை செய்கிறார்? இதற்கு மழுப்பினால் எழும்பி வாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, அறிவியல் நகரில், 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பத்தில் என்விகியூ சான்றிதழோடு படிக்கலாம். இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை. ஏற்கனவே வேலை தெரிந்தவர்களை, வகுப்பில் இருத்தாமல், அனுபவத்தைச் சோதித்து என்விகியூ கொடுக்கும் முறை உண்டு. கணினி வரைகலை வடிவமைப்புக்கு 4ஆம் மட்டம் இருக்கிறது. நைற்றா (NAITA) எனப்படும் அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். நீங்கள் செய்த அழைப்பிதழ்களை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள், மதிப்பிட வருபவருக்குக் காட்ட உதவும். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள்: அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது என்விகியூ காட்டக்கூடிய தகைமை. இரண்டு வழியும் திறந்தே இருக்கும்.

மாமாவின் காசில் ஒரு நல்ல இரண்டாம் கை லப்டொப் வாங்குங்கள். ரம் 16 ஜிபி, எஸ்எஸ்டி, தனியான கிராஃபிக்ஸ் அட்டை இருக்கிறதா என்று தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வீடியோக்களைச் சேமிக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். சட்டையில் குத்துகிற மைக் ஒன்று, அதற்கு மயிர்போன்ற காற்று உறையோடு. சோளகம் அடிக்கிற மாதங்களில் விசுவமடு வெட்டையில் நின்று உறையில்லாமல் பதிவு செய்தால் காற்றைத் தவிர வேறொன்றும் கேட்காது. படம் கொஞ்சம் மங்கினாலும் ஆக்கள் பார்ப்பார்கள், ஒலி கெட்டால் உடனே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே காணும். களவாக இறக்கிய மென்பொருள் வேண்டாம். வைரசோடு வந்து வாடிக்கையாளரின் கோப்புகளையும் கொண்டுபோகும். படம் பிடிக்க உங்கள் போன் போதும். மிஞ்சும் காசை வங்கியில் போட்டுவிடுங்கள்.

அம்மாவின் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஊர் கதைக்கத்தான் செய்யும். ஆனால் இந்தத் தொழிலில் பெண்ணாக இருப்பது உங்களுக்கு வேலை தேடித் தரும் ஓர் இடமும் உண்டு. சாமத்திய வீட்டை எடுங்கள். தண்ணி வார்ப்பதும் சீலை உடுத்துவதும் அலங்காரமும் பெண்கள் மட்டும் நிற்கிற இடம். அங்கே ஆம்பிளைக் கமராக்காரர் நிற்கும்போது பிள்ளைக்கும் கூச்சம், தாய்க்கும் சங்கடம். பெண் எடுப்பவர் இருக்கிறாராம் என்று ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். கிளிநொச்சியில் ஸ்டூடியோ ஒன்றோடு பேசி, பெண்கள் பகுதியை நான் எடுக்கிறேன், கமரா உங்களுடையது, நாள்கூலி இவ்வளவு என்று தொடங்கலாம். கமராவும் பழகும், சொந்தக் காசும் போகாது. இரவு பிந்தினால் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குத் தனியே நிற்க வேண்டாம். வீடுவரை கொண்டுவந்து விடுவதும் கூலியோடு சேர்ந்தது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அம்மாவை ஒரு தடவை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

காசு விடயத்தில் வெட்கப்படாதீர்கள். “எங்கட பிள்ளைதானே, கொஞ்சம் செய்து தாவன்” என்று வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள்தான் உங்களுக்கு முதலில் வரும் வாடிக்கையாளர்கள். பாசமாகக் கதையுங்கள், விலையையும் சொல்லுங்கள். எத்தனை நிமிட வீடியோ, எத்தனை தடவை திருத்தம், எப்போது கொடுப்பது, எவ்வளவு என்பதை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வையுங்கள். பாதிக் காசு முன்னுக்கு. வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து காசைப் பெறப் பலரும் பயோனியர் (Payoneer) என்ற இணையவழிக் கணக்கு வைத்திருக்கிறார்கள்; வங்கிக் கணக்கை உங்கள் பெயரிலேயே திறவுங்கள், வருமான வரி இலக்கத்தையும் எடுத்துவிடுங்கள். வேலை தருகிறோம், முதலில் இவ்வளவு கட்டுங்கள் என்று டெலிகிராமில் யார் வந்தாலும் அது மோசடிதான். வேலை தருபவர் உங்களுக்குத்தான் காசு தர வேண்டும்.

இந்த மூன்று மாதத்துக்கு இப்படிச் செய்யுங்கள். கடை முடிந்து வந்து தினமும் ஒரு மணித்தியாலம் யூனிகோட் டைப்பிங்கும் ரிசால்வும். ஞாயிறுகளில் ஊரில் ஒரு தொழிலாளியைப் பிடித்து மூன்று நிமிட வீடியோ; அவருக்கு முதலில் போட்டுக் காட்டி, அவர் சரி என்றால் மட்டும் வெளியே விடுங்கள். ஐந்து வீடியோ சேர்ந்ததும், சப்டைட்டில் கோப்போடு அவற்றில் சிறந்த இரண்டை எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துத் திருத்தம் எழுதுகிறேன். தமிழில் எடிட் பண்ண ஆள் தேடுபவர்கள் என்னிடமும் கேட்பதுண்டு. வேலை நன்றாக இருந்தால் உங்கள் பெயரைச் சொல்வேன்.

அன்புடன்,
அக்கா